பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்குமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்விளக்கு மேலே எழும்பும் அந்தச் சின்ன இரண்டு இருக்கைக் கார், முதல் தலைமுறை எம்எக்ஸ்-5, 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. 1997 வரை தயாரானது. மலேசியாவில் இன்று கைமாறுகிற பல கார்கள், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் ஓடிவிட்டு ரிகொண்டாக இங்கே வந்து இறங்கியவை. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்தக் காரைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை கீழே உள்ளன.

1.6 வாங்குவதா, 1.8 வாங்குவதா?

முதலில் வந்தது 1,597 சிசி பி6 எஞ்சின். 1993-இல் 1,839 சிசி பிபி எஞ்சின் வந்தது. ஜப்பானியக் காரின் சேசிஸ் எண் என்ஏ6சிஇ என்று தொடங்கினால் 1.6, என்ஏ8சி என்றால் 1.8. பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையோ விற்பவர் வாயையோ நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள்.

1.6 இலகுவானது, ஏறக்குறைய 940 கிலோ. 1.8-இல் உடல் கூடுதல் கம்பிகளால் இறுக்கப்பட்டிருக்கும், பிரேக் பெரியது, எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃப் வலுவானது. ரோட் டேக்ஸ் தீபகற்பத்தில் 1.6-க்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட், 1.8-க்கு ஏறத்தாழ 300. இரண்டுமே சாதாரணப் பெட்ரோலுக்கு வடிவமைக்கப்பட்டவை, ரான் 95 போதும். எங்கள் கருத்தைக் கேட்டால், துருப் பிடிக்காத 1.6 கிடைக்கும்போது துருப் பிடித்த 1.8-ஐத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

எஞ்சினைத்தானே முதலில் பார்க்க வேண்டும்?

இல்லை. பொன்னெட்டைத் திறந்து, எஞ்சின் சத்தத்தில் மயங்கி, அங்கேயே பேரம் பேசத் தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. இந்த நாட்டில் ஹாஃப் கட் கடைகள், அதாவது வெட்டி இறக்கிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் கடைகள், இருக்கின்றன. எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃப், கதவு, இருக்கை என்று எதையும் தேடிப் பிடித்துவிடலாம். பி6, பிபி எஞ்சின் குடும்பம் மஸ்டா 323, ஃபோர்ட் லேசர் கார்களிலும் ஓடியது என்பதால் உள் சாமான்களுக்கும் பெரிய பஞ்சமில்லை. ஆனால் உடல் கூட்டை வெட்டி வாங்கிப் பொருத்த முடியாது. பொருத்தினாலும் அது சட்டப்படி வேறு காராகிவிடும். ஆகவே உடலை முதலில் பாருங்கள், பிறகு பத்திரம், எஞ்சின் கடைசியில். முதல் இரண்டில் தோற்ற காரின் எஞ்சினைக் கேட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

நல்ல டார்ச், துணி சுற்றிய சின்னக் காந்தம், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், புல்வெட்டி இயந்திரத்தில் போடும் நைலோன் நரம்பு அரை மீட்டர், மல்டிமீட்டர், 16 மில்லிமீட்டர் பிளக் சாவி, 14 மில்லிமீட்டர் மரைக்கு ஏற்ற கம்பிரஷன் கேஜ். காருக்கு அடியில் படுக்க ஒரு அட்டைப்பெட்டி. தெரிந்த ஃபோர்மன் ஒருவர் கூட வந்தால் நல்லது, ஆனால் அவர் எஞ்சின் ஆளாக மட்டும் இல்லாமல் தகடு வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும்.

துருவை எங்கே தேடுவது?

கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித் தகட்டை வொர்க்‌ஷாப்பில் சில் என்பார்கள். அதன் பின்முனை, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் உள்ள ஒரு சாண் இடம், இந்தக் காரின் உயிர்நிலை.

மழை இந்த இடத்தைத்தான் தேடிவரும். துணிக்கூரையில் விழும் நீர் பின்பக்கம் உள்ள பிளாஸ்டிக் வாய்க்காலுக்கு ஓடி, இரு பக்கமும் சீட் பெல்ட் கோபுரங்களுக்குப் பின்னால் உள்ள துளைகளில் இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் காருக்கு அடியில் வெளியேற வேண்டும். அந்தத் துளையில் தூசும் இலையும் அடைத்தால் நீர் சில்லுக்குள் தங்கிவிடும். சாலையோர அங்சானா மரத்தடியில் நிறுத்தப்படும் காரில் அந்த மஞ்சள் பூ இதழ்கள் ஒன்றே போதும், ஒரே பருவத்தில் துளை மூடிவிடும். தங்கிய நீர் தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே இருக்கும் தகடு ஏற்கெனவே பப்படமாகியிருக்கும்.

கைமுட்டியால் சில்லை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை ஓரிடத்தில் தொப்பென்று மாறினால் அங்கே புட்டி அல்லது துரு. காந்தத்தை அதே வழியில் இழுங்கள், பிடிக்காத இடம் புட்டி. முப்பது வயதுக் காரில் அந்த ஒரு சாண் இடத்துக்கு மட்டும் புதுக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால், அது பராமரிப்பு அல்ல, மறைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு பின்சக்கர வளைவின் உள்விளிம்பில் விரலை ஓட்டுங்கள், சொரசொரப்பு இருக்கக் கூடாது. முன் ஃபெண்டரின் கீழ் முனையைப் பாருங்கள், முன்சக்கரம் வீசும் மண் அதற்குப் பின்னால் சேரும். ஃபெண்டர் போல்ட்டில் நிற்பது, கழற்றி மாற்றலாம், அதனால் அங்கே துரு இருந்தால் விலை குறைக்கலாமே தவிர ஓட வேண்டியதில்லை. பூட், அதாவது சாமான் வைக்கும் பின்பெட்டி, அதன் தரையை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். இந்தக் காரில் பேட்டரி பூட்டில் இருக்கிறது. காற்றுக்குழாய் இல்லாத சாதாரண ஆசிட் பேட்டரியை யாராவது வைத்திருந்தால் அதைச் சுற்றித் தகடு அரித்திருக்கும்.

பினாங்கில் தஞ்சோங் தொக்கோங், பத்து ஃபிரிங்கி பக்கம் கடலைப் பார்த்த அடுக்குமாடியில் நின்ற காரானால் கூரையின் இரும்புச் சட்டம், பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன் போல்ட் தலைகள் ஆகியவற்றையும் கூடுதலாகப் பாருங்கள். உப்புக்காற்று சில்லைவிட இவற்றை விரும்பும்.

வடிகால் துளையை எப்படிச் சோதிப்பது?

கூரையைப் பாதி தூக்கி, இருக்கைக்குப் பின்னால் மூலையில் உள்ள துளையை டார்ச்சால் கண்டுபிடியுங்கள். ஒரு பக்கத்துக்கு அரை லிட்டர் வீதம் மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் ஓட வேண்டும். தேங்கி நின்றால் நைலோன் நரம்பை மெல்ல இறக்கிப் பாருங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், உள்ளே உள்ள ரப்பர் குழாயைக் கிழித்துவிடும், பிறகு நீர் நேராக உடலுக்குள் போகும். ஊற்றிய நீர் வெளியே வராமலும் மேலே தேங்காமலும் எங்கேயோ போய்விட்டால் குழாய் ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. அந்தக் காரின் சில்லை இரண்டாம் முறை தட்டிப் பாருங்கள்.

விற்பவர் தண்ணீர் ஊற்ற விடவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

விபத்தில் அடிபட்ட காரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொன்னெட்டில் காந்தத்தை வையுங்கள். ஒட்டக் கூடாது, ஏனென்றால் இந்தக் காரின் அசல் பொன்னெட் அலுமினியம். ஒட்டினால் யாரோ வேறு பொன்னெட் போட்டிருக்கிறார்கள், ஏன் என்று கேளுங்கள். அலுமினியமே இருந்தாலும் கீல் போல்ட்டுகளின் பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் ஃபெண்டர் போல்ட்டுகளையும் அப்படியே.

அடுத்து, எஞ்சின் இரு பக்கமும் முன்னோக்கி ஓடும் சேசிஸ் தண்டுகள். பம்பருக்குப் பின்னால் அவற்றில் மடிப்போ அலையோ இருந்தால் முன்னால் மோதியிருக்கிறது. முன்னாலும் பின்னாலும் அடியில் உள்ள கட்டு வளையங்கள் வளைந்திருந்தால் பாதைக் கட்டையில் ஏறிய கதை. பூட்டில் ஸ்பேர் டயர் பக்கத் தகட்டில் சீலண்ட் கோடு இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒரு பக்கம் தொழிற்சாலைக் கோடு, மறுபக்கம் விரலால் தடவிய கோடு என்றால் பின்னால் அடி.

கியர்பாக்ஸிலிருந்து டிஃப் வரை நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று அடியில் ஓடும். அதில் ஜாக் வைத்து நசுக்கிய தழும்புகள் சாதாரணம், வெடிப்பு சாதாரணமல்ல.

பெயிண்ட் தடிமன் கருவி இருந்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 மைக்ரானை ஒட்டி இருக்கும். 250, 300 வந்தால் மறுபெயிண்ட். ஆயிரத்தைத் தாண்டினால் அது புட்டி. மறுபெயிண்ட் குற்றமல்ல, இந்த வெயிலில் முப்பது ஆண்டு தாங்கிய அசல் பெயிண்ட்தான் அதிசயம். எந்த இடத்தில் மட்டும் தடிக்கிறது என்பதே கேள்வி.

இன்னொரு சோதனையைப் பலர் செய்வதில்லை. சில்லின் ஜாக் இடத்தில் ஒரு பக்கத்தைத் தூக்கி, அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். கூரையில்லாக் கார் கொஞ்சம் நெளியும், அது இயல்பு. கதவு அதன் பூட்டுக் கொக்கியில் இடித்து நின்றாலோ மூடவே மறுத்தாலோ, சில் பலமிழந்துவிட்டது. தூக்கும்போது ஜாக் தகட்டுக்குள் அமுங்கினால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். 2017 நவம்பரில் பினாங்கிலும் 2021 டிசம்பரில் ஷா ஆலாம், கிள்ளான் பக்கமும் வந்த வெள்ளங்களில் ஏராளமான கார்கள் மூழ்கின. இந்தக் கார் தாழ்வானது, முழங்கால் அளவு நீரே இருக்கைக்கு வந்துவிடும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கோடு அங்கே தங்கும். இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட், டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள திருகுகள், பெடல் தாங்கி ஆகியவற்றில் ஒரே உயரம் வரை துரு இருந்தால் நீர் நின்ற மட்டம் அது. 1.6-இல் எஞ்சின் கணினிப் பெட்டி பயணியின் காலடியில், விரிப்புக்கு அடியில் இருக்கிறது. விரிப்பைத் தூக்கி அதன் உறையையும் பிளக்குகளின் பச்சைப் பூப்பையும் பாருங்கள். டிஃப் எண்ணெய் பால் கலந்ததுபோல் இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் விரிப்பு ஈரமாக இருப்பது மட்டும் வெள்ளத்துக்குச் சாட்சியல்ல. இந்தக் காரில் அது பெரும்பாலும் கூரை ஒழுக்கு.

கூரையில் என்ன பார்க்க வேண்டும்?

பின் கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால், கூரையை மடக்குமுன் அதைச் சுற்றியுள்ள ஜிப்பைத் திறந்து அதைப் படுக்க வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் அப்படியே மடக்கி நடுவில் வெடிக்க வைப்பார்கள். மடிப்பு விழும் மூலைகள், சட்டம் உரசும் பக்கங்கள், முன் கொக்கிகளின் இறுக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். புதுக் கூரை போட்டிருந்தால் சந்தோஷப்படுமுன் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வாய்க்காலைத் தடவிப் பாருங்கள். கூரை மாற்றும்போது அது உடைவது வழக்கம், உடைந்ததை சிலிக்கோனால் ஒட்டி மூடுவதும் வழக்கம்.

பத்திரத்தில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

கெரானில், அதாவது காரின் பதிவுப் பத்திரத்தில், உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகட்டில் பொறித்த எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பொறித்த இடத்தைச் சுற்றி அரைத்த கோடு, வெல்டிங், மாறுபட்ட பெயிண்ட், ஒழுங்கற்ற எழுத்து இருந்தால் பேச்சு வேண்டாம், வந்த வழியே திரும்புங்கள். ஒரு காரின் பத்திரத்தை இன்னொரு உடலுக்கு மாட்டும் வேலை பழைய ஜப்பானியக் கார்களில் புதிதல்ல.

எஞ்சின் எண் பொருந்தவில்லை என்றால் உடனே திருட்டு என்று முடிவு கட்ட வேண்டாம், ஹாஃப் கட் எஞ்சின் மாற்றியிருக்கலாம். ஆனால் அந்த மாற்றம் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவாகியிருக்க வேண்டும். வண்ணமும் அப்படித்தான், கெரானில் சிவப்பு, நேரில் பச்சை என்றால் முதலில் விற்பவர் சரிசெய்யட்டும். பெயர் மாற்றத்துக்கு, வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 பரிசோதனையில் இந்த எண்களைத்தான் பார்ப்பார்கள். கட்டாத சம்மனுக்காகக் கறுப்புப் பட்டியலில் இருக்கும் காருக்கும் பெயர் மாறாது.

இவ்வளவு வயதான காருக்கு வங்கிக் கடன் கிடைப்பது அரிது, ஆகவே வியாபாரம் ரொக்கத்தில்தான். முன்பணம் கொடுத்தால் "பி5 தேறாவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்குங்கள். பெயர் மாற்றாமல் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் எந்த ஏற்பாடும் வேண்டாம், எவ்வளவு மலிவானாலும்.

எஞ்சினை எப்படிச் சோதிப்பது?

குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருமுன்பே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

முதல் ஸ்டார்ட்டில் மேலிருந்து தட்டச்சு இயந்திரம் போல் டக் டக் என்று கேட்கும். வால்வைத் தள்ளும் ஹைட்ராலிக் டப்பட்டில் எண்ணெய் இறங்கிப்போனதால் வரும் சத்தம் அது, சில நிமிடங்களில் அடங்கினால் கவலையில்லை. பெரும்பாலும் எண்ணெயை அடிக்கடி மாற்றாததன் விளைவு. கீழிருந்து, சுமை ஏறும்போது கனமாக இடிக்கும் ஓசை வேறு, அது பேரிங்.

எஞ்சினின் பின்முனையில், கேம் கோணத்தைப் பார்க்கும் சென்சருக்கு ஒரு ஓ-ரிங் இருக்கிறது. காலத்தில் இறுகி எண்ணெய் கசியும். கசிவு எஞ்சின் பின்புறமாக வழிந்து கியர்பாக்ஸ் சந்திப்பில் சொட்டுவதால், கிராங்க் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். உண்மையில் மாற்ற வேண்டியது சில்லறை விலை ரப்பர் வளையம். டார்ச் அடித்து மேலிருந்து ஈரம் தொடங்குகிறதா என்று பாருங்கள். இதைக் காட்டி விலை குறைக்கவும் செய்யலாம், அது உங்கள் சாமர்த்தியம்.

கம்பிரஷன் பார்க்க எஞ்சினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலின் இணைப்பையும் பெட்ரோல் இன்ஜெக்டர் இணைப்பையும் பிடுங்கி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். நான்கும் 160 பி.எஸ்.ஐ.க்கு மேல், ஒன்றுக்கொன்று 28-க்குள் வித்தியாசம் என்றால் நல்ல உடல்நிலை. ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு கரண்டி எஞ்சின் எண்ணெய் ஊற்றித் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

"ஷார்ட் நோஸ்" என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

தொடக்கக்கால 1.6 எஞ்சின்களில் கிராங்கின் முன்மூக்கு குட்டையாக இருந்தது. டைமிங் பெல்ட் மாற்றும்போது முன் போல்ட்டைச் சரியாக இறுக்காவிட்டால், புல்லியைப் பிடித்திருக்கும் சாவிக்கட்டை ஆடி ஆடிக் காடியை அகலமாக்கிவிடும். டைமிங் நழுவும், இழுவை குறையும், கடைசியில் கிராங்கையே மாற்ற வேண்டி வரும். 1991-இல் மஸ்டா நீள மூக்குக்கு மாற்றியது.

முன்புறப் புல்லியில் உள்ள காடிகளை எண்ணுங்கள். நான்கு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் நீள மூக்கு. நான்கு என்பதற்காக ஓட வேண்டாம், ஒழுங்காக இறுக்கிய குட்டை மூக்குகள் இன்றும் ஓடுகின்றன. ஐட்லிங்கில் டார்ச் அடித்து நடுப் போல்ட்டைப் பாருங்கள். நடு நேராக நின்று வெளி வளையம் மட்டும் தள்ளாடினால் புல்லியின் ரப்பர் பிரிந்திருக்கிறது, புல்லி மாற்றினால் போதும். நடுவே தள்ளாடினால் விலகுங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியவில்லை.

மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 1,00,000 கிலோமீட்டர், ஆனால் இந்த வயதில் ஆண்டுகளையும் எண்ண வேண்டும். ரசீது இல்லாத வாய்மொழிக்கு மதிப்பில்லை. மாற்றும்போது டென்ஷனர், வாட்டர் பம்ப், முன் கேம், கிராங்க் சீல்கள் எல்லாம் ஒரே தடவையில். ஒரு நிம்மதி: மாற்றம் செய்யாத இந்த எஞ்சின்களில் பெல்ட் அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது. டோ டிரக் கூலியோடு போகும்.

ஜாமில் சூடேறுமா?

ஃபெடரல் நெடுஞ்சாலையின் மாலை ஜாம்தான் உண்மையான சோதனை. அது முடியாவிட்டால் ஏர்கோனைப் போட்டு, நின்ற இடத்தில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். முன்னால் இரண்டு விசிறிகள் உண்டு, ஏர்கோன் போட்டதும் இரண்டும் சுழல வேண்டும். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு நல்லது. பச்சை கலந்த பழுப்பாகியிருந்தால் பிளாஸ்டிக் வெந்துவிட்டது, எந்த நாளும் வெடிக்கலாம். எஞ்சினுக்குப் பின்னால் மறைவில் ஓடும் ஹீட்டர் குழாய்களைக் குளிர்ந்திருக்கும்போது அழுத்திப் பாருங்கள். நம் ஊரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை, அதனால் குழாயையும் யாரும் பார்ப்பதில்லை.

ஏர்கோன் குளிரவில்லை என்றால் "கேஸ் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகும் என்றால் அவர் ஏன் போடவில்லை?

கியர், கிளட்ச், டிஃப்?

குளிர்ந்தபோது இரண்டாம் கியர் லேசாக முரண்டுவது இந்தப் பெட்டியின் சுபாவம். சூடானபின்னும் கரகரத்தால், கியர்களை உரசாமல் இணைக்கும் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது. கியர் கம்பைச் சுற்றி வெப்பமும் எண்ணெய் வாடையும் ஏறினால் அடியில் ரப்பர் உறை கிழிந்திருக்கிறது, மலிவான வேலை.

கிளட்சில் அடிக்கடி போவது தட்டு அல்ல, மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர். கியர்பாக்ஸ் பக்கத்தில் அதன் ரப்பர் மூடியை உரித்துப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் கசிகிறது. நான்காம் கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் மட்டும் ஏறிக் கார் ஏறாவிட்டால் தட்டும் போயிற்று.

எல்எஸ்டி என்பது ஒரு பின்சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு இழுவை தரும் டிஃப். 1.6-இல் வந்த விஸ்கஸ் எல்எஸ்டி இந்த வயதில் பெரும்பாலும் சாதாரண டிஃப் போலவே நடந்துகொள்ளும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். 1.8-இல் பல்சக்கர வகையான டோர்சென் எல்எஸ்டி இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு.

சஸ்பென்ஷன், பிரேக், டயர்?

அசல் அளவு 185/60 ஆர்14. பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கம் டயர் தயாரான வாரமும் ஆண்டும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மெண்ட் போல்ட்டுகள் துருவில் இறுகியிருக்கலாம். வாங்குமுன் ஒரு டயர் கடையில் அலைன்மெண்ட் போடச் சொல்லுங்கள். "போல்ட் திரும்பவில்லை" என்று அவர்கள் சொன்னால், வெட்டி எடுத்துப் புதுப் போல்ட், புஷ் போடும் செலவு இருக்கிறது என்று பொருள். ஹேண்ட்பிரேக் தொங்கினால் பின் கேலிப்பர் பின்னால் 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் சரிசெய்யும் திருகு உண்டு. அதையும் மீறினால் கேலிப்பர் இறுகியிருக்கிறது. ஒரு அங்குல இடைவெளிகூட இல்லாமல் இறக்கிய கார் என்றால் ரோட்டு மேடுகளில் அடித்தட்டு பட்ட கதையையும் சேர்த்து வாங்குகிறீர்கள்.

எழும்பும் விளக்கு பழுதானால்?

இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே உயரத்துக்கு எழ வேண்டும். ஒன்று சோம்பினால் மோட்டார் அல்லது ரிலே. மோட்டார் மேல் ரப்பர் மூடிக்கு அடியில் கையால் திருகும் குமிழ் உண்டு, இரவில் அது கைகொடுக்கும். ஜன்னல் கண்ணாடி மெதுவாக ஏறுவது எல்லாக் காரிலும் உண்டு. சார்ஜிங் 13.8-இலிருந்து 14.4 வோல்ட்டுக்குள் இருக்கட்டும்.

எங்கே ஓட்டிப் பார்ப்பது?

ரோட் டேக்ஸும் காப்புறுதியும் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பினாங்கில் தெலுக் பாஹாங்கிலிருந்து பாலிக் புலாவுக்குப் போகும் மலைச்சாலை, கோலாலம்பூருக்கு அருகே சிலாங்கூரின் உலு யாம் பக்கம். இறக்கத்தில் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, பிறகு மிதிக்கும்போது பின்னால் பாருங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வளைவுகளில் டக் என்ற ஒற்றைச் சத்தம் பால் ஜாயிண்ட். கூரையை ஒரு தடவை மூடியும் ஒரு தடவை திறந்தும் ஓட்டுங்கள். திறந்து ஓட்டும்போது மனம் மயங்கும், குறை தெரியாது.

பச்சை நிறம், தோல் இருக்கை, நார்டி மர ஸ்டீரிங். வி-ஸ்பெஷல் என்கிறார்கள், நம்பலாமா?

ஜப்பானில் 1990-இல் அந்தச் சேர்க்கையோடு வி-ஸ்பெஷல் வந்தது உண்மை. ஆனால் ஸ்டீரிங்கும் இருக்கையும் போல்ட்டில் நிற்பவை, பச்சைப் பெயிண்ட் டப்பாவில் கிடைப்பது. பூட் விரிப்புக்கு அடியிலும் கதவு ரப்பருக்குப் பின்னாலும் என்ன நிறம் என்று பாருங்கள், அடையாளத் தகட்டின் வண்ணக் குறியீட்டோடு ஒப்பிடுங்கள்.

மழை நாளில் பார்க்கப் போகலாமா?

இரண்டு தடவை போங்கள். நனைந்த பெயிண்டில் புட்டி அலையும் நிறமாற்றமும் தெரியாது, ஆகவே ஒரு தடவை காய்ந்த பகலில். இன்னொரு தடவை மாலை நாலு மணிக்குப் பெய்யும் மழை விட்ட அரை மணி நேரத்துக்குள், முன்கூட்டிச் சொல்லாமல். முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல்மூலைகள், கதவுக் கண்ணாடி கூரையைத் தொடும் இடம், இருக்கைக்குப் பின்னால் உள்ள மேடை, பூட்டின் வலது இடது குழிகள், இந்த வரிசையில் டிஷ்யூ தாளை அழுத்தி எடுங்கள். முதல் இரண்டில் ஈரம் என்றால் ரப்பர் மாற்றினால் தீரும். மேடையில் என்றால் வாய்க்கால் உடைந்திருக்கிறது. எல்லாம் காய்ந்திருந்தும் கார் நகர்ந்ததும் சில்லுக்குள் தண்ணீர் சளசளத்தால், சாவியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.